டிஸ்க் காணாமல் போகும் மழைக்காலம்: வீட்டு சர்வருக்கான பிழை நீக்கும் வழிமுறை

கோத்தகிரியில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய டவர் கேபினெட் இரவும் பகலும் ஓடுகிறது. எட்டு டிஸ்க், அவற்றை போர்டோடு இணைக்க செகண்ட் ஹேண்டில் வாங்கிய எல்எஸ்ஐ 9211-8ஐ கன்ட்ரோலர் கார்டு, லினக்ஸ், மேலே எல்லா டிஸ்க்கையும் ஒரே 'பூல்' ஆகச் சேர்த்து நடத்தும் இசட்எஃப்எஸ். குடும்பப் படங்கள், பழைய பில்கள், அம்மா கேட்கும் பாட்டுகள், வாசல் கேமரா பதிவு எல்லாம் அதில்தான். இதைப் பார்த்து குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் தம்பி ஒருவரும் கட்டபெட்டுப் பக்கம் இரண்டு நண்பர்களும் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டார்கள். கட்டும்போது கூட இருந்த பாவத்துக்கு, பழுது என்றாலும் போன் எனக்குத்தான்.

முதல் வருடம் இரண்டு டிஸ்க்கை வாரண்டியில் அனுப்பினேன். மாற்றி வந்த டிஸ்க்கும் அதே இடத்தில் அதே மாதிரி காணாமல் போனது. பழைய கேபிளை மாற்றியதும் சரியாயிற்று. அன்றிலிருந்து நான் டிஸ்க்கைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுகிறேன். கீழே உள்ளவை அறிகுறி வாரியாக. ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும், பர்ஸைத் திறக்க வைக்கும் காரணம் கடைசியில்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும், அது எந்தத் தட்டில், எந்தக் கேபிளில் இருக்கிறது என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எல்லாம் நன்றாக ஓடும் நாளிலேயே இதைச் செய்யவேண்டும். பழுதான அன்று எட்டு டிஸ்க்கும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அடுத்து, பிழை தெரிந்ததும் ரீஸ்டார்ட் பண்ணக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். லினக்ஸின் மையமான கர்னலின் செய்திகளை டிமெசேஜ் கட்டளை கொடுத்துப் பார்த்து, கடைசி இருநூறு வரியை ஒரு பென்டிரைவில் சேமித்துவிட்டுத்தான் மற்றது. ரீஸ்டார்ட் ஆனால் அந்த வரிகள் போய்விடும். சில நேரம் பிழையும் சேர்ந்து ஒளிந்துகொள்ளும்.

டிஸ்க்கில் இருப்பதற்கு வேறு நகல் இல்லை என்றால் இங்கேயே நின்று, படிக்க முடிவதை முதலில் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். ரிப்பேர் அப்புறம்.

அறிகுறி: ஒரே ஒரு டிஸ்க் காணவில்லை

மழை மாதங்களில் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இதுதான். கூடலூர் பக்கம் ஜூன், ஜூலை. எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை என்பதால் அக்டோபர், நவம்பர். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் நாட்களில் பித்தளைக் குத்துவிளக்கே பச்சை பூக்கிறது. டிஸ்க்கில் கேபிள் மாட்டும் சாட்டா கனெக்டர் மட்டும் என்ன செய்யும்?

பெட்டியை முறையாக ஷட்டவுன் செய்து, பவர் கார்டைப் பிடுங்கி, அந்த டிஸ்க்கின் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டுங்கள். அந்த உரசலிலேயே படிந்தது போய்விடும். மாட்டும்போது கிளிப் 'டிக்' என்று உட்காரவேண்டும். கிளிப் இல்லாத பழைய சாட்டா கேபிள் என்றால் மாற்றிவிடுங்கள், அதற்கு விசாரணை தேவையில்லை.

மறுபடி காணாமல் போனால் இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை. காணாமல் போகும் டிஸ்க்கையும் பக்கத்து நல்ல டிஸ்க்கையும் கேபிளை அசைக்காமல் இடம் மாற்றுங்கள். இசட்எஃப்எஸ், லினக்ஸின் ரெய்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று போனாலும் தாங்கவைக்கும் முறை) கருவியான எம்டிஏடிஎம் இரண்டும் டிஸ்க்கை அதன் மேலிருக்கும் அடையாளத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும், இடம் மாறினால் குழம்பாது. இனி காத்திருக்கவேண்டியதுதான்.

பிழை டிஸ்க்கோடு போனால், குற்றவாளி டிஸ்க். 'ஸ்மார்ட் எண்கள் ஏறுகின்றன' என்ற பகுதிக்குப் போங்கள்.

பிழை பழைய இடத்திலேயே நின்று, நல்ல டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டால் கேபிள் அல்லது போர்ட். டேட்டா கேபிளை மாற்றுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் நீளமான சாட்டா கேபிள் வாங்கவேண்டாம், அந்தத் தரத்தின் எல்லையே அவ்வளவுதான். கேபிள் மாற்றியும் தீரவில்லை என்றால் வேறு போர்ட். அந்த போர்ட்டின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி மூடிவிட்டு அதை மறந்துவிடலாம்.

பவர் கேபிளைத் தனியாகச் சொல்லவேண்டும். டிஸ்க் அதிகமாகும்போது பவர் சப்ளையின் பழைய நான்கு பின் தலையான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயர் வாங்குவோம். அதில் இரண்டு வகை. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி ஒரே கட்டியாக வார்த்த தலை ஒன்று. ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகி, பின்னால் மூடி போட்ட தலை இன்னொன்று. முதல் வகையில் உள்ளே ஒயர்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நின்றுவிடுவதுண்டு, சூடாகி ஷார்ட் ஆகித் தீப்பிடித்த கதைகள் பல. நானே ஒன்றைக் கழற்றியபோது தலை பழுப்பேறி, கருகின வாசனை வந்தது. அந்த வகை ஒயர் உங்கள் பெட்டியில் இருந்தால் பழுது இருக்கிறதோ இல்லையோ, இன்றைக்கே மாற்றுங்கள்.

எலி. மலைவீடுகளில் குளிருக்கு எலிக்குக் கதகதப்பான இடம் சர்வர்தான். கேபிளில் பல் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கேபினெட்டின் பின்பக்கம் காலியாக இருக்கும் ஸ்லாட்டுகளுக்குத் தகட்டு மூடி போட்டுவிடுங்கள்.

*புதிதாக வாங்கிய டிஸ்க் ஆரம்பத்திலிருந்தே தெரியவில்லை, சுழலவும் இல்லை என்றால்:* யுஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்க்கா? அவற்றில் சில, சாட்டா பவரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்திரு' என்று புரிந்துகொள்ளும். பழைய பவர் சப்ளைகள் அங்கே 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் கெட்டதாகத் திருப்பி அனுப்பப் பலர் கிளம்புவது இதனால்தான். அந்தப் பின்மேல் சூடு தாங்கும் கேப்டான் டேப் ஒட்டினால் எழுந்துவிடும். சாதாரண செலோடேப் வேண்டாம், சூட்டில் பசை உருகி வழியும்.

*புதிதாக எம்.2 எஸ்எஸ்டி போட்ட பிறகு பழைய டிஸ்க் ஒன்றோ இரண்டோ காணவில்லை என்றால்:* எதுவும் கெடவில்லை. பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். போர்டின் கையேட்டில் எந்த எண் என்று அட்டவணை இருக்கும். அதைப் பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

அறிகுறி: நான்கு டிஸ்க் ஒன்றாகக் காணவில்லை

"அண்ணா, நாலு டிஸ்க்கும் ஒண்ணா செத்துப்போச்சு" என்று குன்னூர்த் தம்பி ராத்திரி பதினோரு மணிக்கு அழுதார். நான்கு டிஸ்க் ஒரே நொடியில் சாகாது. நான்கு என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. எல்எஸ்ஐ கார்டில் எஸ்எஃப்எஃப்-8087 என்ற ஒரு தலையிலிருந்து நான்கு சாட்டா வால்கள் பிரியும். தலை லேசாக நழுவினால் நான்கும் போகும்.

தலையைக் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். சரியாகவில்லை என்றால் கார்டின் இரண்டு போர்ட்டிலும் இருக்கும் தலைகளை மாற்றி மாட்டுங்கள். இப்போது மற்ற நான்கு போனால் கார்டின் போர்ட் பழுது. அதே நான்கு போனால் கேபிள், அல்லது அந்த நான்குக்கும் பொதுவான பவர் ஒயர். பவர் ஒயரை மறந்துவிடாதீர்கள்: தம்பி வீட்டில் நான்கு டிஸ்க்கும் ஒரே மோலெக்ஸிலிருந்துதான் குடித்துக்கொண்டிருந்தன. கேபிளுக்கு ஆர்டர் போட்ட பிறகுதான் பார்த்தோம்.

புதுக் கேபிள் வாங்கும்போது ஒரு பொறி. கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போவது 'ஃபார்வர்ட்' பிரேக்அவுட். போர்டின் சாட்டா போர்ட்டுகளிலிருந்து பேக்பிளேனுக்கு (டிஸ்க்குகளை நேராகச் செருகும் பலகை) போவது 'ரிவர்ஸ்'. பார்க்க இரட்டைப் பிள்ளைகள்தான். தப்பானதை மாட்டினால் எதுவும் கெடாது, எதுவும் தெரியவும் தெரியாது.

அறிகுறி: எல்லா டிஸ்க்கும் போய்விட்டது, பெட்டி மட்டும் ஓடுகிறது

இசட்எஃப்எஸ் என்றால் பூல் 'சஸ்பெண்டட்' என்று நிற்கும். பெரும்பாலும் ஸ்கிரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓடும் இரவில், அல்லது பெரிய காப்பி ஓடும்போது நடக்கும். சேமித்து வைத்த டிமெசேஜில் எம்பிடி2சாஸ் அல்லது எம்பிடி3சாஸ் என்ற பெயரோடு 'ஃபால்ட் ஸ்டேட்' என்றோ 'ரீசெட்' என்றோ வரிகள் இருந்தால், டிஸ்க்குகளை விட்டுவிடுங்கள். கன்ட்ரோலர்தான் மயங்கி விழுந்திருக்கிறது.

முதல் சந்தேகம் சூடு. "ஊட்டிக் குளிரில் சூடா?" என்று எல்லோரும் சிரிப்பார்கள். இந்தக் கார்டுகள் சர்வர் அறைகளுக்காகச் செய்தவை. அங்கே விசிறிகள் சூறாவளி மாதிரி ஊதும், அதை நம்பித்தான் கார்டில் ஒரு சின்ன ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புகள்) மட்டும் வைத்திருக்கிறார்கள். நம் அமைதியான டவரில் அந்த மூலையில் காற்றே அசையாது. போதாததற்கு, 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் எண்பது சதவீதம்தான். அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவாகத்தான் தள்ளும். அறைக் குளிர் ஈடுகட்டும்தான், ஆனால் ஜன்னலைச் சாத்தி ஹீட்டர் போட்ட அறையில் அதுவும் கிடையாது.

ஓடும்போது ஹீட்சிங்க்கை விரலால் ஒரு நொடி தொடுங்கள். விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் ஒரு 40 மில்லிமீட்டர் விசிறியை ஹீட்சிங்க்கின் துடுப்புகளுக்கு இடையே திருகி மாட்டிவிடுங்கள், இல்லை என்றால் கேபிள் டை கட்டுங்கள். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் ஹீட்சிங்க்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருக்கும். துடைத்துப் புதிது தடவுங்கள். நான் பார்த்த 'கன்ட்ரோலர் செத்துப்போச்சு' கேஸ்களில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்தன.

இரண்டாவது, ஸ்லாட். கார்டைக் கழற்றி, தங்க நிறப் பல் வரிசையைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் போடுங்கள். சேலத்துக் கடைக்காரர் ரேமுக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியம், கார்டுக்கும் கேட்கிறது.

மூன்றாவது, ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். 9211-8ஐ போன்ற, சாஸ்2008 சிப் உள்ள கார்டுகளில் 20-ஆம் பதிப்பின் முதல் வெளியீடுகளில் பிழைகள் இருந்தன. 20.00.07.00 என்று இருக்கவேண்டும். அதோடு 'ஐடி மோட்' ஆக இருக்கவேண்டும். 'ஐஆர்' என்றால் கார்டு தானும் ரெய்டு செய்யப் பார்க்கும், இசட்எஃப்எஸ்ஸுக்கு டிஸ்க்கை நேராகக் கொடுப்பதே நல்லது. ஃபர்ம்வேர் ஏற்றும் நேரத்தில் கரண்ட் போனால் கார்டு செங்கல். ஆகவே காற்று அடிக்கும் ஆடி மாதச் சாயங்காலம் இந்த வேலைக்கு உட்காராதீர்கள்.

இந்த எல்எஸ்ஐ மாதிரி சாஸ் கார்டு இல்லாமல் மலிவான சாட்டா கார்டு வைத்திருப்பவர்களுக்கு: எட்டு, பத்து போர்ட் என்று விற்பதில் பல, உள்ளே இரண்டு அல்லது நான்கு போர்ட் சிப்பை வைத்து, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் 'போர்ட் மல்டிபிளையர்' போட்டு நீட்டியவை. ஒரு டிஸ்க் திணறினால் கூட இருக்கும் எல்லாமே திணறும். இதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றவேண்டியதுதான். ஏஎஸ்எம்1166 சிப்பில் ஆறு போர்ட், ஜேஎம்பி585-இல் ஐந்து போர்ட் வரும், அவ்வளவுக்குள் நில்லுங்கள்.

கார்டைச் செருகினால் போர்டே பூட் ஆகவில்லை என்பது வேறு கதை. சில சாதாரண போர்டுகளுக்கும் இந்தக் கார்டுகளுக்கும் ஒத்துப்போகாது. கார்டின் பல் வரிசையில் பி5, பி6 ஆகிய இரண்டு பின்களை டேப்பால் மூடினால் பூட் ஆகும்.

*செக்சம் பிழைகள் (படித்த தரவு எழுதியதோடு பொருந்தாதவை) எல்லா டிஸ்க்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாகப் பரவியிருந்தால்:* கார்டுக்கு முன்னால் ரேமைப் பாருங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். ரேம் கெட்டிருக்கும்போது ஸ்கிரப் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

அறிகுறி: கரண்ட் வந்தது, டிஸ்க் வரவில்லை

காற்றில் மரம் விழுந்து ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. திரும்பி வந்ததும் பெட்டி எழுகிறது, ஆனால் பூட் டிஸ்க் இல்லை என்கிறது. கடிகாரம் பல வருடம் பின்னால் ஓடுகிறதா? அப்படியானால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பயாஸ் (போர்டை எழுப்பும் மென்பொருள்) தன் பழைய அமைப்புக்குத் திரும்பி, சாட்டா முறையை 'ஏஎச்சிஐ'-யிலிருந்து 'ரெய்டு' ஆக மாற்றியிருக்கலாம். பேட்டரியை மாற்றி, பயாஸில் மறுபடி ஏஎச்சிஐ வைத்தால் போதும். நண்பர் ஒருவர் இதற்கு ஓஎஸ்ஸையே மறுபடி போட்டுவிட்டார். பேட்டரி ஐம்பது ரூபாய்க்குள்தான்.

கடிகாரம் சரியாக இருந்து, சில டிஸ்க் மட்டும் வராமல், இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறதா? டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் எங்களுக்கு இது சகஜம். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த டிஸ்க் சுழல ஆரம்பிக்கவே நேரம் எடுக்கும், கார்டு அதற்குள் பொறுமை இழந்துவிடும். டிஸ்க் சூடேறியதும் இரண்டாம் முறை எல்லாம் ஆஜர். கார்டின் அமைப்பில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம். உறைபனி விழும் இடத்தில் இருப்பவர்கள் பெட்டியை ஜன்னல் ஓரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினாலே பாதி தீரும்.

பவர் சப்ளையும் இங்கேதான் மாட்டும். சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் ஒரு 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். எட்டு டிஸ்க் ஒரே நேரத்தில் என்றால் 16 ஆம்பியர், டிஸ்க்குக்கு மட்டுமே 190 வாட். ஓடத் தொடங்கிய பிறகு அதில் கால் பங்குதான். அதனால்தான் 'எல்லாம் ஓடும்போது நன்றாகத்தான் இருக்கிறது' என்பார்கள். கார்டில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். போதவில்லை என்றால் நல்ல பவர் சப்ளை. லேபிளில் மொத்த வாட்டைப் பார்க்காமல் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

கரண்ட் போகும் அந்த நொடியிலேயே பெட்டி ரீசெட் ஆகிறது, வீட்டில் இன்வெர்ட்டரும் இருக்கிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று இரண்டு நிலை இருக்கும். நார்மலில் மாறும் நேரம் அதிகம், மின்விசிறிக்குத் தெரியாது, சர்வருக்குத் தெரியும். யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் இடம் இது: கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது, அல்லது கீசர் போட்டால் சில விளக்குகள் மங்கி வேறு விளக்குகள் பிரகாசமாகின்றன. முன்னது எர்த் இல்லை என்பதற்கு அடையாளம், பின்னது நியூட்ரல் தளர்ந்திருப்பதற்கு. நியூட்ரல் விஷயத்தில் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், சர்வரோடு ஃப்ரிட்ஜும் டிவியும் போகும்.

அறிகுறி: ஸ்மார்ட் எண்கள் ஏறுகின்றன

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நலத்தைப் பற்றித் தானே எழுதிவைக்கும் கணக்கு. அதைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைக் கொடுத்தால் ஒரு பக்கம் நிறைய எண்கள் வரும். எல்லாவற்றையும் பார்த்துப் பயப்படவேண்டாம். நான் பார்ப்பது ஐந்தாறு வரிகள்தான், கீழே முதலில் வருவது அந்த வரியின் எண்.

199, சிஆர்சி பிழை. இது டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே வழியில் கெட்டுப்போனவற்றின் கணக்கு. கேபிள், கனெக்டர். இந்த எண் ஒருபோதும் இறங்காது. எனவே கேபிளை மாற்றிய தேதியையும் அன்றைய எண்ணையும் அந்தத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். அதற்கு மேல் ஏறவில்லை என்றால் கதை முடிந்தது.

5, 197, 198. இவை டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின் மேல் நடப்பவை. 197 என்பது படிக்கமுடியாமல் நிலுவையில் இருக்கும் இடங்கள். திடீர்க் கரண்ட் கட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு வந்து, அந்த இடத்தில் மறுபடி எழுதியதும் பூஜ்யமாகிவிடுவதுண்டு. 5 என்பது மாற்று இடம் கொடுத்து ஒதுக்கியவை. 5-இல் எட்டு என்று வந்து ஒரு வருடம் எட்டாகவே நின்றால் நான் விட்டுவிடுவேன், கண் வைத்திருப்பேன். எட்டு, அடுத்த வாரம் இருபத்திநான்கு, அதற்கடுத்த வாரம் நூறு என்றால் டிஸ்க் விடைபெறுகிறது. அதன் பிறகு அதைப் பரிசோதித்துக்கொண்டிருப்பது வீண், புதிதுக்கு ஆர்டர் போடுங்கள்.

192, தட்டைப் படிக்கும் தலை அவசரமாக ஒதுங்கிய எண்ணிக்கை. உங்கள் வீட்டில் எத்தனை முறை யுபிஎஸ் கைவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

சீகேட் டிஸ்க்கில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். அது அந்த நிறுவனம் எண்களைப் பொதிந்துவைக்கும் முறை. அதைப் பார்த்து ராத்திரியில் போன் செய்யவேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் நீண்ட சுயசோதனை. 4 டிபி டிஸ்க்குக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். 'ரீட் ஃபெயிலியர்' என்று முடிந்தால் வாரண்டிக்கு அந்த ஒரு வரி போதும்.

அறிகுறி: டிஸ்க் இருக்கிறது, ஆனால் ஆமை வேகம்

ஐஓஸ்டாட் கட்டளை கொடுத்து ஒரே ஒரு டிஸ்க் மட்டும் திணறுகிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் டிமெசேஜில் அந்த இணைப்பு 6 ஜிகாபிட்டிலிருந்து 3 அல்லது 1.5-க்கு இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியிருந்தால் கேபிள். மறுபடியும் கேபிள்.

எழுத ஆரம்பித்துச் சில நிமிடம் வேகமாகப் போய், பிறகு படுத்துவிடுகிறதா? எஸ்எம்ஆர் டிஸ்க்காக இருக்கலாம். தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை அது. ஒரு ஓட்டை மாற்றப் பல ஓட்டைக் கழற்றவேண்டும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான மாடல்களில் இந்த முறை இருப்பதாக வெளிப்படையாகச் சொல்லி, பழைய முறை டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' என்று தனிப் பெயரில் விற்க ஆரம்பித்தது. மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். வீடியோ சேமிக்க மட்டும் என்றால் எஸ்எம்ஆர் பரவாயில்லை. ரெய்டு பூலில் பழுதான டிஸ்க்குக்குப் பதில் போட வேண்டாம், ரீபில்ட் நாட்கணக்கில் இழுக்கும்.

நடுவில் முழுதாக அரை நிமிடம் உறைந்து, பிறகு டிஸ்க் கழன்றுபோகிறது என்றால், சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கைப் போட்டிருக்கிறீர்கள். ஒரு கெட்ட இடத்தைப் படிக்க அது நிமிடக்கணக்கில் போராடும். லினக்ஸ் 30 நொடிதான் காத்திருக்கும். டிஸ்க் ஒத்துக்கொண்டால் ஸ்மார்ட்சிடிஎல் மூலம் அந்த நேரத்தை 7 நொடிக்குக் குறைக்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் லினக்ஸின் பொறுமையை 180 நொடியாகக் கூட்டலாம். ரீஸ்டார்ட் ஆனால் இரண்டுமே மறந்துபோகும், பூட் ஸ்கிரிப்டில் எழுதிவையுங்கள்.

அறிகுறி: பூல் 'டிகிரேடட்' என்கிறது

டிகிரேடட் என்றால் டிஸ்க் குறைந்த நிலையில் பூல் ஓடுகிறது. மேலே சொன்னதில் எது காரணம் என்று முதலில் கண்டுபிடியுங்கள். கேபிள்தான் என்றால் சரிசெய்து, பிழைக் கணக்கை அழித்து, ஸ்கிரப் ஓட்டினால் போதும். டிஸ்க்தான் என்றால் அதை எடுப்பதற்குமுன் சீரியல் நம்பரைத் துண்டுச் சீட்டோடு ஒருமுறை, டிஸ்க்கின் லேபிளோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் 'எஸ்டிசி' போன்ற பெயர்களை நம்பாதீர்கள், ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை. ஒரு பாரிட்டி மட்டும் உள்ள, அதாவது ஒரு டிஸ்க் போனால் மட்டுமே தாங்கும் பூலில், கெட்டதற்குப் பதில் நல்லதை உருவியவரை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

அறிகுறி: சத்தம்

கேபினெட் முழுக்க ரீங்காரம் என்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். ஒரே தாளத்தில் 'டக்... டக்... டக்' என்று வந்து, டிஸ்க் சுழன்று நின்று மறுபடி சுழன்றால், உடனே அணைத்துவிடுங்கள். ஷட்டவுன் ஆகக் காத்திருக்கவும் வேண்டாம், அந்த டிஸ்க்கின் பவரைப் பிடுங்குங்கள். தலை தட்டில் உரசிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு சுற்றும் தரவை வழித்தெடுக்கும். தட்டுவது, குலுக்குவது, ஃப்ரீசரில் வைப்பது எதுவும் வேண்டாம். ஃப்ரீசர் வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் எங்கள் ஊரில் ஜனவரி ராத்திரி திண்ணையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். காலையில் டிஸ்க் மேல் பனி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

இன்னொன்று: "உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் மலையில் டிஸ்க் சாகிறது" என்று ஒரு பேச்சு உண்டு. சாதாரண டிஸ்க்குக்குக் கொடுக்கும் எல்லை வழக்கமாக 3,048 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். காரணம் வேறு எங்காவது இருக்கும்.

எப்போது கையை எடுப்பது

நகல் இல்லாத தரவு, டிஸ்க் டக் டக் என்கிறது அல்லது சுழலவே இல்லை: தரவு மீட்பு ஆய்வகம். கம்ப்யூட்டர் கடை அல்ல, தூசியில்லா அறை வைத்திருப்பவர்கள். புது டிஸ்க்கின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும், முதலிலேயே எஸ்டிமேட் கேளுங்கள். திறந்து பார்க்க மட்டும் எவ்வளவு, தரவு வராவிட்டால் எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் படிக்கும்போது பிழை: இதை நீங்களே செய்யலாம். டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு முழு டிஸ்க்கையும் அதைவிடப் பெரிய டிஸ்க்குக்கு எடுங்கள், லாக் கோப்போடு. அது எளிதில் வருவதை முதலில் எடுத்துவிட்டு, கஷ்டமானதற்குப் பிறகு திரும்பும். பைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் கட்டளைகளை அந்த நகல்மேல் மட்டும் ஓட்டுங்கள். வேகம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் நிறுத்திவிட்டு ஆய்வகம்.

பூலில் தாங்கும் அளவுக்கு மேல் டிஸ்க் போய்விட்டது: எதையும் 'ஃபோர்ஸ்' கொடுத்து ஏற்றாதீர்கள். புதிதாக ரெய்டு உருவாக்கச் சொல்லும் திரைக்கு 'எஸ்' சொல்லாதீர்கள். எல்லா டிஸ்க்கையும், கெட்டதையும் சேர்த்து, அந்தச் சீட்டோடு கொடுங்கள்.

ஆய்வகத்துக்குக் கோயம்புத்தூர் போகவேண்டியிருக்கும். டிஸ்க்கை ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் மூடி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகள் அதை உருட்டிவிடும். முக்கியமாக, மேலே பத்து டிகிரியில் இருந்த டிஸ்க் மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்துக்கு வந்ததும், மூக்குக்கண்ணாடி மாதிரி வியர்க்கும். வழியில் டீ குடிக்க நிறுத்தும்போது கவரைத் திறந்து யாருக்கும் காட்டவேண்டாம். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தும் இரண்டு மூன்று மணி நேரம் கவருக்குள்ளேயே கிடக்கட்டும். கொடுக்கும்போது ஆய்வகத்தில் வாங்குபவரிடமும் சொல்லுங்கள்: மலையிலிருந்து வந்தது, உடனே பவர் கொடுக்காதீர்கள்.